ஒரு முழக்கம், இரண்டு பெட்டி

அந்தமானில் எதை வாங்கினாலும் கடலையும் சேர்த்துத்தான் கணக்குப் போடவேண்டும். சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் (2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம்) நடுவே கிட்டத்தட்ட 1,200 கி.மீ. தண்ணீர். பயணிகள் கப்பலுக்கே இரண்டரை, மூன்று நாள் ஆகும். டி.வி. வந்து சேர்கிறது, ஃபிரிட்ஜ் வந்து சேர்கிறது, 25 கிலோ கனக்கும் சப்வூஃபரும் வந்து சேர்கிறது. ஆனால் 'சரியில்லை, மாற்றிக் கொடுங்கள்' என்று அதே பெட்டியைத் திருப்பி அனுப்புவது நடக்கிற காரியமில்லை. சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் வாங்கி அடுத்த வாரம் போய்ச் சண்டை போடும் வசதி தீவுக்காரர்களுக்குக் கிடையாது.

ஆகவே ஹேவ்லாக், நீல் தீவுகளுக்கு (இப்போது ஸ்வராஜ் தீவு, ஷஹீத் தீவு) படகுகள் புறப்படும் ஃபீனிக்ஸ் பேயில் ஒரு தமிழ்க் குடும்பம் ஹாலில் ஹோம் தியேட்டர் அமைக்க நினைத்தால், கேள்வியை முன்கூட்டியே தீர்த்துக்கொள்வது நல்லது. கையில் இருக்கும் பணத்துக்குப் பெரிய சப்வூஃபர் ஒன்றா, நடுத்தரமான இரண்டா?

பத்து வருஷம் முன்பு இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. செயற்கைக்கோளை நம்பியிருந்த தீவுகளில் இணையத்தில் படம் பார்ப்பது என்பது பொறுமைக்கு வைத்த பரீட்சை. 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து சுமார் 2,300 கி.மீ. நீளத்துக்குக் கடலடியில் போடப்பட்ட கண்ணாடி இழைக் கேபிள் தொடங்கிவைக்கப்பட்டது. அதன் பிறகுதான் புதுப்படங்கள் வீட்டுக்குள் முழு ஒலியோடு வந்தன. படம் வந்துவிட்டது, 5.1ல் அந்தக் கடைசி '.1' மட்டும் அறைக்குள் நுழைந்ததும் தகராறு செய்கிறது.

அந்த '.1' என்பது தனி ஒலித்தடம். 120 ஹெர்ட்ஸுக்குக் கீழேயுள்ள வெடி, இடி, எஞ்சின் உறுமல் எல்லாம் அதில் ஏறும். மற்ற தடங்களைவிட 10 டெசிபல் கூடுதலாக முழங்குவதற்கு அதற்கு இடம் கொடுக்கப்பட்டிருக்கிறது. தவிர, சின்ன ஸ்பீக்கர்களால் கொடுக்க முடியாத அடிச்சுருதி முழுவதையும், வழக்கமாக 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ளதை, ரிசீவர் அதே பெட்டிக்குத் திருப்பிவிடுகிறது. எனவே சப்வூஃபர் வெடிகுண்டுக்கு மட்டும் என்று நினைப்பது தவறு. பாட்டில் வரும் பாஸ் கிடாரின் பாதி வேலையும் அதன் தலையில்தான்.

இரண்டு சப்வூஃபர் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் 'இரண்டு மடங்கு தும்' கிடைக்கும் என்றுதான் வாங்குகிறார்கள். கணக்கு அவ்வளவு தாராளமாக இல்லை. ஒரே மாதிரி இரண்டு பெட்டிகளை அருகருகே வைத்து ஒரே சிக்னலைக் கொடுத்தால் 6 டெசிபல் கூடும். அறையின் வெவ்வேறு மூலைகளில் வைத்தால் இடத்துக்கு இடம் மாறும். பெரும்பாலும் அதைவிடக் குறைவு. சத்தம் மட்டுமே வேண்டும் என்றால் அதே விலைக்குப் பெரிதாக ஒன்றை வாங்குவதே லாபம். 18 ஹெர்ட்ஸ், 20 ஹெர்ட்ஸ் என்று பாதாளத்துக்கு இறங்கும் திறமையும் பெரிய பெட்டிக்குத்தான் உண்டு. சின்னது இரண்டானாலும் நான்கானாலும் அதன் ஆழம் அதிகம் கூடாது.

அப்படியானால் இரண்டாவது பெட்டி எதற்கு? அதற்குப் பதில் அறையின் நீள அகலத்தில் இருக்கிறது.

ஃபீனிக்ஸ் பேயில் ஒரு கான்கிரீட் வீட்டு ஹாலை எடுத்துக்கொள்வோம்: 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். அந்தமான் வெப்பத்தில், 28 டிகிரியில், ஒலி நொடிக்குச் சுமார் 348 மீட்டர் ஓடும். 35 ஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் ஏறக்குறைய 10 மீட்டர். அதாவது சரியாக அரை அலை இந்த ஹாலின் நீளத்துக்குள் அடங்கிவிடுகிறது. முன்சுவரில் மோதித் திரும்பும் அலையும் பின்சுவரில் மோதித் திரும்பும் அலையும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து, அலை நகராமல் அங்கேயே நின்றுவிடும். இரண்டு சுவர்களுக்கும் அருகே ஒலி பொங்கும். அறையின் நட்டநடுவில் ஏறக்குறைய ஒன்றுமே கேட்காது. சோபாவை நடுவில் போட்டிருக்கும் வீட்டுக்காரர் 'பாஸே இல்லை' என்று குமிழைத் திருகுவார். பின்சுவரில் சாய்ந்திருக்கும் பாட்டிக்கு நெஞ்சு அதிரும்.

அகலத்தில் இதே கணக்கு 43.5 ஹெர்ட்ஸ், உயரத்தில் 58. நீளத்தின் இரண்டாம் படி 69.6, அகலத்தின் இரண்டாம் படி 87. சப்வூஃபர் வேலை செய்யும் எல்லைக்குள் இப்படி நாலைந்து குன்றும் பள்ளமும் வந்துவிடுகின்றன. குன்றுக்கும் பள்ளத்துக்கும் 20 டெசிபல் வித்தியாசம் இருப்பது சாதாரணம். பத்தாயிரம் ரூபாய்ப் பெட்டியும் லட்ச ரூபாய்ப் பெட்டியும் இந்த விஷயத்தில் ஒன்றுதான். அறைக்கு விலை தெரியாது.

துறைமுகத்தை ஒட்டி வாழ்பவர்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல. கரை சூழ்ந்த எந்தக் குடாவிலும் கடல்நீர் தொட்டித் தண்ணீரைப்போல முன்னும் பின்னும் ஊசலாடும். ஒவ்வொரு குடாவுக்கும் அதன் நீளமும் ஆழமும் நிர்ணயிக்கும் ஒரு நேரக்கணக்கு உண்டு. வெளியிலிருந்து வரும் தள்ளல் அந்தக் கணக்கோடு ஒத்துப்போனால் சின்ன அசைவும் பெரிதாகும். 2010ல் வெளியான ஓர் ஆய்வு, இலங்கையின் திருகோணமலைத் துறைமுகத்தில் காணப்படும் ஊசலாட்டத்தை, அந்தமான்-நிக்கோபார் பக்கம் பெரிய ஓத நாட்களில் பிறந்து, வங்காள விரிகுடாவை நீர்மட்டத்துக்குக் கீழாகவே பல நாட்கள் எடுத்துக் கடந்து வரும் உள்ளலைகளோடு முடிச்சுப்போட்டது. கடலுக்கு நிமிடக்கணக்கு, ஹாலுக்கு நொடியில் முப்பதில் ஒரு பங்கு. மற்றபடி நடப்பது ஒன்றே.

தமிழர்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் மிருதங்கம். தோலின் நடுவில் தட்டினால் ஒரு ஒலி, விளிம்பில் தட்டினால் வேறு ஒலி. ஒரு விரலைத் தோலில் லேசாக ஊன்றிக்கொண்டு இன்னொரு விரலால் தட்டினால் மூன்றாவது ஒலி. தோல் எத்தனையோ விதமாக அதிரத் தயாராக இருக்கிறது. எங்கே தட்டுகிறோம், எங்கே தொட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதைப் பொறுத்து சில அதிர்வுகள் எழுகின்றன, சில அடங்குகின்றன. திருச்சி திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன், ஒளியில் நோபல் பரிசு வாங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்தியத் தோல் வாத்தியங்களின் அதிர்வுகளை ஆராய்ந்தவர். 1920ல் அதைப் பற்றி எழுதினார். பிஜாப்பூர் கோல் கும்பஸில் முணுமுணுப்பு எப்படிச் சுவரோடு ஊர்ந்து போகிறது என்றும் அளந்தார். மிருதங்கத்தில் கரணை போடும் இடத்துக்கு இருக்கும் முக்கியத்துவம்தான் ஹாலில் சப்வூஃபர் வைக்கும் இடத்துக்கும். நம் வீடுகளில் அந்த முடிவை எடுப்பது பெரும்பாலும் பிளக் பாயிண்ட்.

இரண்டாவது பெட்டியின் உபயோகம் இங்கேதான் வருகிறது. முன்சுவரின் நடுவில் ஒரு சப்வூஃபர், அதற்கு நேர் எதிரே பின்சுவரின் நடுவில் இன்னொன்று, இரண்டும் ஒரே சமயத்தில் ஒரே திசையில் தள்ளுகின்றன என்று வைத்துக்கொள்வோம். 35 ஹெர்ட்ஸ் அலைக்கு முன்சுவரில் அழுத்தம் ஏறும்போது பின்சுவரில் இறங்கியாக வேண்டும். ஆனால் இரண்டு பெட்டிகளும் சேர்ந்து ஏற்றுகின்றன. ஒன்று கிளப்புவதை மற்றது அடக்கிவிடுகிறது. அந்த நிற்கும் அலை எழவே முடிவதில்லை. அகலத்தின் 43.5 ஹெர்ட்ஸும் எழாது. காரணம், இரண்டு பெட்டிகளும் அகலத்தின் நடுவில், அந்த அலையின் பள்ளத்திலேயே உட்கார்ந்திருக்கின்றன. பள்ளத்தில் நின்றுகொண்டு அதை ஆட்ட முடியாது. ஊஞ்சலைக் கட்டின கயிற்றின் முடிச்சில் பிடித்துத் தள்ளுவது மாதிரி.

அறையின் இரண்டு மோசமான எதிரிகள் இப்படி ஒரே அடியில் ஒழிகிறார்கள். 69.6 ஒழியாது, 87 ஒழியாது. பக்கச்சுவர் நடுவிலும் ஒவ்வொன்று, ஆக நான்கு வைத்தால் அவையும் அடங்கும். அமெரிக்காவின் ஹார்மன் நிறுவனத்தில் ஆராய்ச்சியாளராக இருந்த டாட் வெல்ட்டி, 2002ல் ஒலிப் பொறியாளர் சங்க மாநாட்டில் இந்த விஷயத்தைத்தான் வைத்தார். எத்தனை சப்வூஃபர் போதும் என்பதே கேள்வி. செவ்வக அறையில் ஒன்றிலிருந்து பல ஆயிரம் வரை பெட்டிகளைக் கணிப்பொறியில் வைத்துப் பார்த்ததில், நான்கு சுவர் நடுவிலும் ஒவ்வொன்று என்பது மிகச் சிறந்த ஏற்பாடுகளில் ஒன்றாக நின்றது. எதிரெதிர்ச் சுவர் நடுவில் இரண்டு என்பது அதற்கு வெகு அருகில் வந்தது. நான்குக்குமேல் போவதில் சொல்லும்படியான லாபம் இல்லை. அதே நிறுவனத்தில் இருந்த ஃபிளாய்ட் டூல் தன் புத்தகத்தில் இதை விரிவாக எழுதிப் பரப்பினார். ஆயிரம் சப்வூஃபர் வைத்துப் பார்க்கும் பாக்கியம் கணிப்பொறிக்கு மட்டுமே வாய்க்கும்.

இதில் கவனிக்கவேண்டியது, லாபம் சத்தத்தில் இல்லை என்பது. குன்றுகள் தரைமட்டமாவதால் மொத்த முழக்கம் சற்றுக் குறைந்ததுபோலக்கூடத் தோன்றும். கிடைப்பது சமநிலை. ஒரே சோபாவில் உட்கார்ந்திருக்கும் நான்குபேரும் ஏறக்குறைய ஒரே படத்தைக் கேட்கிறார்கள். தனியாக ஒருவர் மட்டும், ஒரே நாற்காலியில் உட்கார்ந்து கேட்பவர் என்றால் ஒரு சப்வூஃபரும் ஈக்வலைசரும் போதும், குன்றை வெட்டிக்கொள்ளலாம். பள்ளத்தை மட்டும் ஈக்வலைசரால் நிரப்ப முடியாது. 10 டெசிபல் ஏற்ற ஆம்ப்ளிஃபயர் பத்து மடங்கு சக்தி கொடுக்கவேண்டும்; அலை தன்னைத்தானே ரத்து செய்துகொள்ளும் இடத்தில் அதுவும் வீண். தவிர, ஒரு நாற்காலிக்குச் சரி செய்தது பக்கத்து நாற்காலியைக் கெடுக்கும். குடும்பத்தோடு படம் பார்க்கிறவர்களுக்குத்தான் இரண்டாவது பெட்டி.

சரி, பின்சுவர் நடுவில் சமையலறை வாசல் இருந்தால்? பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான் இருக்கும். அப்போது இரண்டையும் முன்சுவரில், அகலத்தின் கால் பங்கிலும் முக்கால் பங்கிலும் வைக்கலாம். 4 மீட்டர் சுவரில் இரண்டு பக்கமும் ஒரு மீட்டர் விட்டு. இதனால் 43.5ம் 87ம் அடங்கும்; நீளவாக்கில் வரும் 35 அப்படியே இருக்கும். சோபாவை நடுவிலிருந்து நகர்த்துவதே அதற்கு வைத்தியம். எதிரெதிர் மூலைகளில் குறுக்காக வைப்பது இன்னொரு வழி. முதல்படி அலைகள் அடங்கும், சத்தமும் கூடும், ஆனால் மூலை எல்லா அலைகளையும் தட்டியெழுப்பும் இடம் என்பதால் மேலே உள்ளவை கொஞ்சம் முரடாகவே இருக்கும். டி.வி.க்கு இரண்டு பக்கமும் தூண்மாதிரி நெருக்கி வைப்பது அலங்காரம். உயரவாக்கிலான 58க்கு, தரையில் வைக்கும் எந்தப் பெட்டியும் மருந்தல்ல. ஆனால் உட்கார்ந்திருப்பவரின் காது மூன்று மீட்டரில் மத்தியை ஒட்டியே வருவதால் அது அவ்வளவாகத் தெரியாது.

திரையரங்கில் எல்லா சப்வூஃபர்களையும் திரைக்குப் பின்னால் ஒன்றாகத்தானே அடுக்குகிறார்கள் என்று கேட்கலாம். 30 மீட்டர் நீள அரங்கில் முதல் நிற்கும் அலை 6 ஹெர்ட்ஸுக்கும் கீழே போய்விடும். காதுக்கு எட்டாது. அதற்கு மேலுள்ள அலைகளோ நெருக்கமாகக் குவிந்து, எந்த ஒன்றும் துருத்திக்கொண்டு தெரியாது. நம் ஹால் சின்னதாக இருப்பதுதான் வியாதியே. அரங்கைப் பார்த்து வீட்டைக் கட்டினால் வேலைக்காகாது.

தமிழ் ரசிகர்களுக்கு அரங்கில் இந்த ருசி 1990களின் நடுவில்தான் பழகியது. டால்பியில் குருதிப்புனல் 1995ல் வந்தது. டிடிஎஸ்ஸில் கறுப்பு ரோஜா 1996ல். சென்னையின் ரியல் இமேஜ் நிறுவனம் டிடிஎஸ் கருவிகளைத் திரையரங்குகளுக்குக் கொண்டுபோனது. அந்தமானுக்கு இதில் ஒரு தனிப் பங்கு உண்டு. செல்லுலார் சிறையின் கதையைச் சொன்ன, பிரியதர்ஷன் இயக்கிய, தமிழில் 'சிறைச்சாலை'யாக வந்த 'காலாபானி' 1995ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் ஒலிப்பதிவுக்கான விருதையும் பெற்றது. மலையாள சினிமாவில் டால்பி ஸ்டீரியோவை நுழைத்த படமும் அதுதான். ஃபீனிக்ஸ் பேயிலிருந்து அந்தச் சிறைக்குச் சில நிமிடங்களில் போய்விடலாம்.

அதற்கு முந்தைய படங்களில் '.1' என்ற தடமே கிடையாது. ஆனாலும் அவற்றின் பாட்டுகள்தான் நல்ல பரீட்சைத் தாள். பாஸ் கிடாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. அடுத்த அரைச்சுருதி 43.65. நம் 4 மீட்டர் ஹாலின் அகல அலை இருப்பது ஏறக்குறைய அங்கேயேதான். இளையராஜாவின் பாட்டு ஒன்றில் பாஸ் கிடார் படியிறங்கி வரும்போது ஒரே ஒரு ஸ்வரம் மட்டும் 'பூம்' என்று பருத்துக் கேட்டு, அடுத்த ஸ்வரம் காணாமல் போனால், வாசித்தவர் மேல் தப்பில்லை, அறையின் மேல்தான். எல்லா ஸ்வரமும் ஒரே கனத்தில் நடந்துவந்தால் பெட்டிகள் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கின்றன. வெடிச் சத்தத்தை வைத்துச் சோதிக்கிறவர்களுக்கு இது ஒருபோதும் பிடிபடாது. வெடி எப்படி ஒலித்தாலும் வெடிதான்.

இடம் கண்டுபிடிக்க ஒரு பழைய வித்தை உண்டு, கொஞ்சம் வெட்கத்தை விடவேண்டும். சப்வூஃபரைத் தூக்கி, உட்காரும் நாற்காலியிலேயே வைத்து, மேற்சொன்ன மாதிரிப் பாட்டை ஓடவிட்டு, வீட்டுக்காரர் மண்டியிட்டுச் சுவரோரமாகத் தவழ்ந்துகொண்டே கேட்கவேண்டும். எங்கே சமமாகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை வைத்தால் நாற்காலியில் அதே ஒலி கிடைக்கும். ஒலி தரும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் மாற்றிப் போட்டாலும் பலன் மாறாது என்பது 19ஆம் நூற்றாண்டிலேயே ராலே பிரபு போன்றவர்கள் நிறுவிய விதி. முதல் பெட்டி இடம்பிடித்த பிறகு, இரண்டாவதையும் இப்படியே தேடலாம். 80 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 4 மீட்டருக்கு மேல் என்பதால் ஒலி எங்கிருந்து வருகிறது என்று காது கண்டுபிடிக்காது. பெட்டி சோபாவுக்குப் பின்னால் இருந்தாலும் இடி திரையில்தான் இடிக்கும்.

இரண்டையும் இணைப்பதில்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். பழைய ரிசீவரில் சப்வூஃபருக்கு ஒரே ஒரு துளைதான் இருக்கும்; இரண்டாகப் பிரியும் கேபிள் ஒன்று போதும், ஒன்றும் குடிமுழுகாது. புதிய ரிசீவர்கள் சிலவற்றில் இரண்டு துளைகள் இருந்தாலும், உள்ளே அவை ஒரே கம்பியாக இருக்கலாம். தனித்தனியாகத் தாமதமும் அளவும் வைக்க முடிகிறதா என்று வாங்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. முதலில் ஒன்றை மட்டும் ஓடவிட்டு அளவு வைத்து, பிறகு மற்றதை மட்டும் ஓடவிட்டு அதே அளவுக்குக் கொண்டுவந்து, கடைசியாக இரண்டையும் சேர்க்கவேண்டும். சேர்த்ததும் சத்தம் குறைந்தால் பதறவேண்டாம். ஒன்றின் பின்னால் இருக்கும் 0-180 சுவிட்சைத் தட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஒன்று தள்ளும்போது மற்றது இழுத்திருக்கிறது.

ரிச்சி தெரு அசெம்பிள்டு பெட்டிகளில் இந்த ஆபத்து அதிகம். பலகை ஒரு கடையில், ஸ்பீக்கர் ஒரு கடையில், பெட்டி அடித்தவர் வேறொருவர் என்று சேரும்போது சிவப்புக் கம்பியும் கறுப்புக் கம்பியும் ஒரு பெட்டியில் இடம் மாறியிருக்கும். அசெம்பிள்டு என்றால் மட்டம் என்று சொல்வதற்கில்லை. தமிழ்நாட்டில் பாதிப்பேருக்கு முதல் ஹோம் தியேட்டர் அதுதான், காசுக்கு நல்ல முழக்கமும் தருகிறது. இரண்டு வாங்கினால் ஒரே கையால் ஒரே நாளில் செய்த ஜோடியாக வாங்குவதுதான் முக்கியம். வேறு வேறு ரகம் என்றால், ஒரே சிக்னலுக்கு ஒன்று முந்தும் ஒன்று பிந்தும். ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்து இரட்டை எஞ்சின் படகில் போகிறவர்களுக்கு, இரண்டு எஞ்சின்களின் வேகம் இம்மியளவு பிசகினால் 'வோம்... வோம்...' என்று சத்தம் ஏறி இறங்குவது தெரிந்திருக்கும். சப்வூஃபரில் அப்படி நேரத்தில் ஏறி இறங்காது; ஸ்வரத்துக்கு ஸ்வரம் ஏறி இறங்கும். கண்டுபிடிப்பது அதனாலேயே சிரமம்.

கம்ப்யூட்டரும் அளவு மைக்கும் வைத்திருப்பவர்களுக்கு இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. ரூம் ஈக்யூ விசார்ட் பிரபலமானது, அறையின் குன்று பள்ளத்தைக் கோடாகவே வரைந்துவிடும். மொபைல் போனை நம்பவேண்டாம். பேச்சுக்காகச் செய்த மைக், ஆழ்ந்த சுருதியைச் சரியாகக் கணக்கில் எடுக்காது.

இத்தனையும் கான்கிரீட் வீட்டுக்கு. ஊரில் மரச்சுவரும் தகரக் கூரையும் உள்ள பழைய வீடுகளும் இருக்கின்றன. மரப்பலகைச் சுவர் 40 ஹெர்ட்ஸைத் திருப்பியடிப்பதில்லை. தானும் கொஞ்சம் ஆடி, மீதியை வெளியே விட்டுவிடும். ஆகவே அந்த வீட்டில் குன்றும் பள்ளமும் குறைவு, இரண்டாவது பெட்டியின் லாபமும் குறைவு. கூரைத் தகரமும் ஜன்னல் கொக்கியும் கூடச் சேர்ந்து கடகடப்பது தனி ஆவர்த்தனம். வெளியே போன ஒலி எங்கே போகிறது என்றால், பக்கத்து வீட்டுக் கட்டிலுக்கு.

சட்டம் இங்கே கொஞ்சம் நொண்டுகிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்று வரம்பு கட்டுகின்றன. தனியார் இடத்தில் வைக்கும் ஒலிக்கருவி தன் எல்லையில் அந்த அளவை 5 டெசிபலுக்குமேல் தாண்டக்கூடாது. ஆனால் இந்த டெசிபலை அளக்கும் முறை மனிதக் காதின் மென்மையான கேட்புக்கு ஏற்பத் தாழ்ந்த சுருதியைக் கழித்துக்கொள்கிறது: 63 ஹெர்ட்ஸில் 26 டெசிபல், 31.5 ஹெர்ட்ஸில் 39 டெசிபல். அதாவது 85 டெசிபலில் 31.5 ஹெர்ட்ஸ் உறுமல் பக்கத்து வீட்டுச் சுவரைத் தொட்டாலும், மீட்டர் 46 என்று சாதுவாகக் காட்டும். காகிதத்தில் குற்றமில்லை. தூக்கம் போனவருக்கு அது ஆறுதலாகாது. சாதாரணச் சுவரும் மூடிய கதவும் பேச்சைத் தடுக்கும். இந்த உறுமலைத் தடுக்க வீட்டுக்குள் வீடு கட்டவேண்டும்.

அந்தமானில் இதற்கு இன்னொரு முகம் இருக்கிறது. நாட்டிலேயே நிலநடுக்க அபாயம் மிக அதிகமான பகுதிகளில் ஒன்று இது. 2004 டிசம்பர் 26ஐ அனுபவித்தவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஜன்னல் கண்ணாடி காரணமில்லாமல் நடுங்கினால், பாத்திரம் கிணுங்கினால், அவர்கள் முதலில் வாசலைப் பார்ப்பார்கள், பிறகு கடலை. பக்கத்து வீட்டில் ஒரு படத்தின் கிளைமாக்ஸ் ஓடுகிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? இரவு பத்து மணிக்குமேல் சப்வூஃபர் அளவைத் தனியாக இறக்கிவிடுவது இந்த ஊரில் வெறும் நாகரிகம் அல்ல. இதிலும் இரண்டு பெட்டிகள் ஓரளவு கைகொடுக்கும். பள்ளத்தில் உட்கார்ந்து பாஸைத் தேடி அளவை ஏற்றிக்கொண்டே போகும் பழக்கம், நாற்காலியில் சமமாகக் கேட்க ஆரம்பித்ததும் நின்றுவிடும். பெட்டிக்குக் கீழே தடித்த ரப்பரோ ஃபோமோ வைத்தால் மாடிவீட்டில் தரைவழியாகப் போகும் அதிர்வு குறையும். காற்றுவழி போவது குறையாது.

வாங்கும்போது இந்த ஊர்க் காற்றையும் நினைத்துக்கொள்ளவேண்டும். வருஷத்தில் சுமார் 3,000 மி.மீ. மழை, மீதி நாளும் உப்புக்காற்று. கூம்பைச் சுற்றியுள்ள வளையம் ஃபோமாக இருந்தால் ஈரத்தில் சில வருஷங்களில் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். ரப்பர் வளையம் நீடிக்கும். பெட்டிகள் பெரும்பாலும் எம்.டி.எஃப். பலகை, தரையில் ஒட்டிவைத்து ஈரத்துணியால் துடைத்தால் அடிப்பாகம் ஊதிப்போகும். கால் வைத்து உயர்த்துவது நல்லது. கேபிள் முனைகளில் பச்சை பூத்தால் 'ஊம்' என்று ஒரு இரைச்சல் வரும்; அதைக் கேட்டு ஆம்ப்ளிஃபயரைக் கழற்ற ஓடவேண்டாம், முனையைத் துடைத்தாலே போதும். இரண்டு பெட்டிக்கும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து கரண்ட் எடுத்தால் அந்த இரைச்சலுக்கு வாய்ப்பு இன்னும் குறைவு. மின்சாரமும் இங்கே சிக்கனமாகவே செலவிட வேண்டியது. நெய்வேலி நிறுவனம் 2020ல் நிறுவிய 20 மெகாவாட் சூரிய மின்நிலையம் இருந்தாலும் தீவுகள் இன்னமும் பெரும்பாலும் டீசலில்தான் ஓடுகின்றன. நல்லவேளை, சப்வூஃபர் ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் எழுதியிருக்கும் வாட்டைச் சில நொடிகளுக்குத்தான் கேட்கும். படம் முழுக்க அல்ல.

ஆக ஃபீனிக்ஸ் பே குடும்பம் என்ன செய்யலாம்? மரவீடு என்றால், அல்லது தனியாக உட்கார்ந்து பார்ப்பவர் என்றால், நல்லதாக ஒன்று. கான்கிரீட் ஹால், சோபா நிறைய ஆட்கள் என்றால், ஒரே ரகத்தில் நடுத்தரமான இரண்டு; 10 அங்குலமே தாராளம். பணம் ஒரேயடியாகப் புரளவில்லை என்றால், இன்னும் இரண்டு வருஷமாவது விற்பனையில் இருக்கும் என்று தோன்றும் ரகத்தில் முதலில் ஒன்றை வரவழைத்து, முன்சுவர் நடுவில் வைத்துக் கேட்கலாம். சோபாவின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் வித்தியாசம் பெரிதாக இல்லை என்றால் அடுத்த கப்பலுக்குப் பணம் கட்டவேண்டிய அவசியமே இல்லை.